ஹோம் சர்வரில் யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க் தெரியவில்லையா? எந்தப் படியில் நிற்கிறது என்று முதலில் பாருங்கள்

வீட்டு சர்வரில் செருகிய வெளி ஹார்ட் டிஸ்க் திரையில் தெரியவில்லை என்றதும் பதறுவது இயல்புதான். ஆனால் அந்த நேரத்தில் உள்ளே இருக்கும் கோப்புகள் பெரும்பாலும் பத்திரமாகவே இருக்கின்றன. அவை பெரும்பாலும் அழிவது பழுதினால் அல்ல, பழுது என்னவென்று தெரிவதற்கு முன்பே ஃபார்மட் செய்துவிடுவதால்தான். செங்கோட்டை, தென்காசி வட்டாரத்தில் பழைய மடிக்கணினியையோ ராஸ்பெர்ரி பை என்னும் சிறு கணினியையோ லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டு சர்வராக்கி, அதில் யூஎஸ்பி டிரைவை மாட்டிக் குடும்பப் படங்களையும் கல்யாண வீடியோக்களையும் சேர்த்து வைப்போர் இப்போது கூடிவருகிறார்கள். கேரள எல்லைக்கு இருபுறமும் கல்யாண வேலை எடுக்கும் செங்கோட்டை ஸ்டுடியோ அண்ணாச்சி ஒருவர், "லைட்டு எரியுது தம்பி, சர்வர்லதான் காணல. ஃபார்மட் பண்ணிப் பாத்திரட்டுமா?" என்று போனில் கேட்டார். "அண்ணாச்சி, அத மட்டும் செஞ்சிராதீய" என்றேன். இந்தக் கட்டுரையைப் படிக்கும் எவருக்கும் முதல் வேண்டுகோள் அதுவே.

ஒரு டிரைவ் நமக்குக் கோப்புகளாகத் தெரிய வேண்டுமானால் அது பல படிகளைக் கடந்து வர வேண்டும். முதலில் போதிய மின்சாரம் கிடைக்க வேண்டும். அடுத்து யூஎஸ்பி வழியே சர்வருடன் அதற்கு அறிமுகம் நடக்க வேண்டும். பிறகு லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் அதை ஒரு சேமிப்புச் சாதனமாக ஏற்க வேண்டும். டிஸ்க் எப்படிப் பகுதிகளாகப் பிரிந்திருக்கிறது என்று சொல்லும் பார்ட்டிஷன் அட்டவணையும், கோப்புகளை அடுக்கிவைக்கும் முறையான ஃபைல் சிஸ்டமும் படிக்கப்பட வேண்டும். அதன்பின் ஏதேனும் ஒரு ஃபோல்டரில் அது இணைய வேண்டும்; இதைத்தான் மவுண்ட் ஆவது என்கிறோம். கடைசியாக, கோப்புகளைப் பகிரும் சாம்பா, வீடியோ காட்டும் ஜெல்லிஃபின் போன்ற மென்பொருள்களுக்கு அதைத் திறக்கும் அனுமதி இருக்க வேண்டும். பாவூர்சத்திரம் சந்தையில் காய்கறி ஏற்றிய லாரி கொல்லத்துக்கு வந்து சேரவில்லை என்றால், உடனே வேறு லாரி வாங்கச் சொல்லி யாரும் கிளம்புவதில்லை. புளியரையைத் தாண்டிவிட்டதா, ஆரியங்காவில் நிற்கிறதா, தென்மலையைக் கடந்ததா என்று ஒவ்வோர் இடமாகக் கேட்டு, அது நின்ற இடத்தில்தான் விசாரிப்பார்கள். டிரைவையும் அப்படியே விசாரிக்க வேண்டும்.

விசாரிக்க லினக்ஸில் மூன்று கட்டளைகள் போதும். அவற்றை இங்கே எழுத்தெழுத்தாகத் தருகிறேன். கட்டளை அடிக்கும் திரையான டெர்மினலில் சிறிய ஆங்கில எழுத்துகளாக, இடைவெளி விடாமல் அடிக்க வேண்டும். எல்-எஸ்-யூ-எஸ்-பி என்ற கட்டளை, யூஎஸ்பி வழியே அறிமுகமான எல்லாச் சாதனங்களையும் காட்டும். எல்-எஸ்-பி-எல்-கே என்ற கட்டளை, சேமிப்புச் சாதனமாக ஏற்கப்பட்டவற்றையும், அவற்றின் பார்ட்டிஷன்களையும், அவை எந்த ஃபோல்டரில் மவுண்ட் ஆகியிருக்கின்றன என்பதையும் காட்டும். டி-எம்-இ-எஸ்-ஜி என்ற கட்டளை, கெர்னல் தன் போக்கில் எழுதிவைக்கும் குறிப்புகளைக் காட்டும். இந்த மூன்றும் வெறுமனே பார்த்துச் சொல்பவை; டிரைவில் எதையும் எழுதுவதில்லை என்பதால் எத்தனை முறை வேண்டுமானாலும் தயங்காமல் ஓட்டலாம். முதல் கட்டளையிலேயே டிரைவ் இல்லை என்றால் சிக்கல் மின்சாரத்திலோ கேபிளிலோ போர்ட்டிலோ இருக்கிறது. முதலாவதில் தெரிந்து, இரண்டாவதில் தெரியவில்லை என்றால் கெர்னலுக்கும் டிரைவின் உறைக்கும் (டிஸ்க்கை வைத்திருக்கும் பெட்டிக்கும்) இடையே இருக்கிறது. இரண்டிலும் தெரிந்தும் கோப்புகள் தெரியவில்லை என்றால் சிக்கல் பெரும்பாலும் மென்பொருள் பக்கத்தில்தான், கேபிளை மாற்றுவதால் பொதுவாகப் பயனில்லை.

மின்சாரத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் வீட்டு சர்வர்களில் நான் பார்த்த சிக்கல்களில் பெரும்பகுதி இங்கேதான் தொடங்குகிறது. பையில் போட்டுக்கொண்டு போகும் 2.5 அங்குல டிரைவுக்குத் தனி அடாப்டர் கிடையாது. அது யூஎஸ்பி போர்ட் தரும் 5 வோல்ட் மின்சாரத்தை மட்டுமே நம்பியிருக்கிறது. யூஎஸ்பி 2.0 போர்ட் ஒன்று தர வேண்டிய அளவு 500 மில்லி ஆம்பியர், யூஎஸ்பி 3.0 போர்ட்டில் அது 900 மில்லி ஆம்பியர். உள்ளே இருக்கும் தட்டு நின்ற நிலையிலிருந்து சுழலத் தொடங்கும் அந்தச் சில விநாடிகளில் மட்டும் தேவை 1 ஆம்பியர் வரை எகிறக்கூடும். ராஸ்பெர்ரி பை 4-இல் நான்கு யூஎஸ்பி போர்ட்களுக்கும் சேர்த்தே 1.2 ஆம்பியர்தான் வரம்பு. ராஸ்பெர்ரி பை 5-இல் 5 ஆம்பியர் அடாப்டர் மாட்டினால் அந்த வரம்பு 1.6 ஆம்பியர், அதைவிடக் குறைந்த அடாப்டர் மாட்டினால் 600 மில்லி ஆம்பியராகத் தானே குறைத்துக்கொள்ளும். ஆகவே ஒரு டிரைவோடு நன்றாக ஓடிய சர்வர், இரண்டாவது டிரைவைச் செருகியதும் இரண்டையுமே தொலைப்பதில் வியப்பில்லை.

விளக்கு எரிகிறதே என்று பலர் ஏமாறுவதும் இங்கேதான். அந்தச் சிறு விளக்குக்குச் சில மில்லி ஆம்பியர் போதும். மோட்டாருக்கு அதைப்போல் நூறு மடங்கு வேண்டும். எனவே விளக்கு எரிவதால், கேபிளில் மின்சாரம் வருகிறது என்பது மட்டும் உறுதியாகிறதே தவிர, அது போதுமான அளவு வருகிறது என்பது உறுதியாவதில்லை. கண்ணைவிடக் காதை நம்பலாம். டிரைவை மேசையில் வைத்து, அதன் மேல் விரலை லேசாக வைத்துக்கொண்டு கேபிளைச் செருகுங்கள். சீராக எழுந்து நிலைக்கும் மெல்லிய அதிர்வு விரலில் தெரிந்தால் தட்டு சுழல்கிறது. சற்றே எழுந்து அடங்கி, மறுபடி எழுந்து அடங்கினால் அதற்கு மின்சாரம் போதவில்லை. ஒன்றுமே இல்லையென்றால் கேபிளையோ போர்ட்டையோ முதலில் மாற்றிப் பார்க்க வேண்டும்.

அண்ணாச்சியின் சர்வரில் நடந்ததும் இதுவே. ராஸ்பெர்ரி பை 4-க்கு உரிய 5.1 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டருக்குப் பதிலாகப் பழைய போன் சார்ஜர் ஒன்று மாட்டப்பட்டிருந்தது. இரண்டு டிரைவுகளும் நேரடியாக ராஸ்பெர்ரி பையிலேயே செருகப்பட்டிருந்தன. உள்ளே வரும் மின்னழுத்தம் ஏறத்தாழ 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் ராஸ்பெர்ரி பை தன் குறிப்பேட்டில் மின்னழுத்தக் குறைவு என்று எழுதும். டி-எம்-இ-எஸ்-ஜி கட்டளையில் அந்த வரி வரிசையாக நின்றது. சரியான அடாப்டரையும், தனக்கென்று சொந்த அடாப்டர் உள்ள யூஎஸ்பி ஹப் ஒன்றையும் வாங்கி, டிரைவுகளை ஹப்பில் மாட்டியதும் இரண்டும் வந்துவிட்டன. அடாப்டர் இல்லாத ஹப் இதற்கு உதவாது. அது ஒரு போர்ட்டின் மின்சாரத்தைப் பங்கு போட்டுக் கொடுக்கும், கூட்டித் தராது. மேசையில் நிற்கும் பெரிய 3.5 அங்குல டிரைவுகளுக்குத் தனியாக 12 வோல்ட் அடாப்டர் வரும். ஒரே வடிவ முனை கொண்ட வேறொரு சாதனத்தின் அடாப்டரை, ரௌட்டருடையதையோ செட்டாப் பாக்ஸுடையதையோ, அதில் மாட்டிப் பார்க்கும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். வோல்ட் கூடினால் டிரைவின் சர்க்யூட் போர்டே கருகலாம்.

எங்கள் பக்கத்தில் இன்னொரு காரணமும் உண்டு. தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியே இறங்கும் மாதங்களில் கரண்ட் போய்ப் போய் வருவதும், வீட்டு இன்வெர்ட்டர் மாறி மாறி ஏற்பதும் வழக்கம். அந்த மாற்றத்தின்போது விழும் நொடிக்கும் குறைவான இடைவெளியை மடிக்கணினி தன் பேட்டரியால் தாங்கிக்கொள்ளும்; அதன் அருகில் அடாப்டரில் ஓடும் 3.5 அங்குல டிரைவ் தாங்காது. சர்வர் அணையாமல் டிரைவ் மட்டும் காணாமல் போவது பெரும்பாலும் இப்படித்தான். பல இன்வெர்ட்டர்களில் யூபிஎஸ் நிலைக்கு மாற்றும் சுவிட்ச் ஒன்று இருக்கிறது. அந்த நிலையில் இடைவெளி குறையும்.

மின்சாரம் சரி என்றால் அடுத்தது கேபிள். பல 2.5 அங்குல டிரைவுகளில் இருக்கும் அகலமான, நடுவில் பிளவுபட்ட மைக்ரோ-பி முனை, என் கணிப்பில், வீட்டு சர்வருக்கு அமைந்த மிக பலவீனமான உறுப்பு. அது பூட்டிக்கொள்வதில்லை, டிரைவை நகர்த்தினாலோ கேபிள் தன் எடையில் தொங்கினாலோ அரை மில்லிமீட்டர் விலகி நின்றுவிடும். பார்வைக்குச் செருகியதுபோலவே இருக்கும். கழற்றி, முனையையும் துளையையும் வெளிச்சத்தில் பாருங்கள். சாரல் காலத்தில் ஜன்னலோரம் கிடந்த கேபிள்களில் தொடுபுள்ளிகள் மங்கி, ஓரத்தில் பச்சைப் பூச்சு படிந்திருக்கலாம். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு மறுபடி செருக வேண்டும். டைப்-சி முனை கொண்ட டிரைவாக இருந்தால், போனுக்கு வந்த சார்ஜிங் கேபிளை மாட்டியிருக்கிறோமா என்றும் பார்க்க வேண்டும். தகவல் கம்பிகளே இல்லாத, மின்சாரம் மட்டும் கடத்தும் கேபிள்கள் கடைகளில் தாராளமாகக் கிடைக்கின்றன. கேபிள் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது.

இப்போது கெர்னல் என்ன சொல்கிறது என்று கேட்கலாம். டிரைவைக் கழற்றிவிட்டு, சூடோ என்ற நிர்வாகி உரிமையோடு டி-எம்-இ-எஸ்-ஜி கட்டளையை அடித்து, ஓர் இடைவெளி விட்டு, சிறு கோடும் டபிள்யூ எழுத்தும் சேர்த்து ஓட்டினால், புதிய குறிப்புகள் வர வர அப்படியே திரையில் ஓடும். அதைப் பார்த்துக்கொண்டே டிரைவைச் செருகுங்கள். ஒரு வரிகூட வரவில்லை என்றால் சர்வருக்கு டிரைவ் வந்ததே தெரியாது. மறுபடி கேபிள், போர்ட், மின்சாரம் பக்கமே போக வேண்டும். பிழை எண் -71 வந்தால், பேச்சு தொடங்கிப் பாதியில் குழம்பிவிட்டது என்று பொருள். கேபிளையும் தொடுபுள்ளியையும் சந்தேகிக்கலாம். பிழை எண் -110 என்றால், சர்வர் கேட்டது, டிரைவ் உரிய நேரத்தில் பதில் தரவில்லை. மின்சாரப் பற்றாக்குறையில் இது அடிக்கடி வரும். ஓவர்-கரன்ட் என்ற சொல் வந்தால் போர்ட் தன் வரம்பைத் தாண்டி இழுக்கப்பட்டிருக்கிறது. நல்லபடியாக அறிமுகமான டிரைவுக்கு ஹை-ஸ்பீட் அல்லது சூப்பர்ஸ்பீட் என்று வேகத்தையும் கெர்னல் குறித்துவைக்கும். முன்னது நொடிக்கு 480 மெகாபிட், பின்னது 5 கிகாபிட். நீல நிறப் போர்ட்டில் செருகியும் ஹை-ஸ்பீட் என்றே வந்தால், யூஎஸ்பி 3.0-க்கென்று கூடுதலாக உள்ள ஐந்து தொடுபுள்ளிகளும் சேரவில்லை. மெதுவாகத் தயங்கிச் செருகினாலே இப்படி ஆவதுண்டு. கழற்றி, ஒரே அழுத்தில் செருகிப் பாருங்கள்.

டிரைவ் வந்து, சில நிமிடங்கள் நன்றாக ஓடி, பெரிய கோப்பைப் பதியும்போது மட்டும் ரீசெட் என்ற வரிகளோடு திணறி மறைந்தால், மின்சாரத்துக்கு அடுத்தபடியாக யூஏஎஸ் என்ற முறையைக் கவனிக்க வேண்டும். ஹார்ட் டிஸ்க் உறைக்குள், ஹார்ட் டிஸ்க் பேசும் சாட்டா மொழியை யூஎஸ்பி மொழியாக்கும் சிறு சில்லு ஒன்று இருக்கிறது. பழைய முறையில் அது ஒரு வேலையை முடித்த பிறகே அடுத்ததை வாங்கும்; யூஏஎஸ் முறையில் பல வேலைகளை வரிசையில் ஒன்றாக ஏற்கும். சில சில்லுகள் இந்தப் புதிய முறையை ஆதரிப்பதாகச் சொல்லிவிட்டு, லினக்ஸில் சரியாக நடந்துகொள்வதில்லை. அந்தக் குறிப்பிட்ட சில்லுக்கு மட்டும் பழைய முறையைப் பயன்படுத்து என்று கெர்னலின் தொடக்க வரியில் எழுதிவைக்க வழியுண்டு. எல்-எஸ்-யூ-எஸ்-பி காட்டும், முக்காற்புள்ளியால் பிரிந்த இரண்டு அடையாள எண்கள் அதற்குத் தேவை. வேகம் சற்றுக் குறையும், நிலைத்தன்மை கூடும். படங்களைச் சேமிக்கும் வீட்டு சர்வருக்கு இதில் நட்டமில்லை.

அடுத்த படி, பார்ட்டிஷன். எல்-எஸ்-பி-எல்-கே பட்டியலில் டிரைவ் இருக்கிறது, ஆனால் அதன் கீழ் பார்ட்டிஷன் எதுவும் இல்லை என்றால் டிரைவ் காலி என்று முடிவு கட்டிவிடக் கூடாது. உறையைப் பிரித்து உள்ளிருக்கும் ஹார்ட் டிஸ்க்கை எடுத்து நேரடியாக சாட்டாவிலோ வேறோர் உறையிலோ மாட்டியவர்களுக்கு இது நேரலாம். சில உறைகள், 512 பைட் பிரிவுகளாகத் தன்னைக் காட்டும் டிஸ்க்கை 4096 பைட் பிரிவுகளாக மாற்றிக் கணினிக்குக் காட்டுகின்றன. எம்பிஆர் என்ற பழைய அட்டவணை, 512 பைட் கணக்கில் ஏறத்தாழ 2 டெராபைட்டுக்கு மேல் எண்ண முடியாது என்பதால் செய்த ஏற்பாடு அது. உறை மாறியதும் கணக்கு மாறிவிடுகிறது, அட்டவணை பொருளற்றதாகத் தெரிகிறது. பழைய உறையிலேயே திரும்ப வைத்தால் கோப்புகள் அப்படியே வந்து நிற்கும். அதற்குள் விண்டோஸில் செருகி, டிஸ்க்கை இனிஷியலைஸ் செய்யவா என்று அது கேட்பதற்குச் சரி சொல்லிவிட்டால் வேலை சிக்கலாகும்.

பார்ட்டிஷன் இருந்தும் மவுண்ட் ஆகவில்லை என்றால் ஃபைல் சிஸ்டத்தைப் பாருங்கள். இந்தப் பக்கத்து ஸ்டுடியோக்களில் டிரைவ் ஒரு நாள் விண்டோஸ் கணினியில், மறுநாள் சர்வரில் என்று கை மாறிக்கொண்டே இருக்கும். விண்டோஸ் 8 முதல் வந்த ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி, கணினியை அணைத்தாலும் கெர்னலின் நிலையை டிஸ்க்கில் உறங்கவைத்துவிடுகிறது. அப்படி அணைத்த கணினியிலிருந்து உருவி எடுத்த, விண்டோஸின் என்டிஎஃப்எஸ் ஃபைல் சிஸ்டம் கொண்ட டிரைவை, முறையாக மூடப்படவில்லை என்று சொல்லி லினக்ஸ் ஏற்க மறுக்கும், அல்லது படிக்க மட்டும் அனுமதிக்கும். திரும்ப அதே விண்டோஸில் செருகி, பாதுகாப்பாக வெளியேற்றும் வசதியைப் பயன்படுத்திக் கழற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஃபைல் சிஸ்டம் எக்ஸ்ஃபேட் என்றால், 2020-இல் வந்த லினக்ஸ் கெர்னல் 5.7 முதல் அதற்குச் செம்மையான ஆதரவு உள்ளேயே இருக்கிறது. அதற்கு முந்தைய பழைய அமைப்புகளில் தனி மென்பொருள் நிறுவ வேண்டும். விண்டோஸின் பூட்டு வசதியான பிட்லாக்கரால் பூட்டிய டிரைவுக்குச் சாவி வேண்டும். சர்வரிலேயே நிலையாக இருக்கப்போகும் டிரைவ் என்றால், உள்ளிருப்பதை வேறிடத்தில் நகலெடுத்துவிட்டு லினக்ஸின் ஃபைல் சிஸ்டமான இஎக்ஸ்டி4 ஆக்கிக்கொள்வதே என் பரிந்துரை.

நேற்று வரை தானாக மவுண்ட் ஆன டிரைவ் இன்று ஆகவில்லை என்றால், எதை எங்கே மவுண்ட் செய்வது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் என்ற கோப்பில் அதன் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்கள் டிரைவுக்குச் சொந்தமானவை அல்ல. முந்தி வந்தவருக்கு முதல் பெயர். இரண்டு டிரைவுகள் இருந்தால் ஒவ்வொரு தொடக்கத்திலும் பெயர்கள் இடம் மாறலாம். பி-எல்-கே-ஐ-டி கட்டளை காட்டும் யூயூஐடி என்ற நீண்ட எண்ணை எழுதினால் இந்தக் குழப்பம் வராது. கூடவே நோஃபெயில் என்ற சொல்லையும் சேர்க்க வேண்டும். அது இல்லாவிட்டால், டிரைவ் இல்லாத நேரத்தில் சர்வர் 90 விநாடி காத்திருந்துவிட்டு, அவசர நிலைக்குப் போய் நின்றுவிடும். திரை இல்லாத சர்வரில் வீட்டுக்காரருக்குச் சர்வரே செத்துப்போனதுபோல் தெரியும்.

மவுண்ட் ஆகாத டிரைவுக்கு இன்னொரு பின்விளைவும் உண்டு. மவுண்ட் செய்யும் ஃபோல்டர், டிரைவ் இல்லாதபோதும் காலி ஃபோல்டராக சர்வரின் சொந்த மெமரி கார்டில் இருக்கிறது. தானியங்கி நகலெடுப்பு அதைப் பற்றிக் கவலைப்படாமல் அங்கேயே எழுதிக்கொண்டு போகும். கார்டு நிரம்பி சர்வர் திணறும். பிறகு டிரைவ் வந்து அதே ஃபோல்டரின் மேல் அமர்ந்ததும், இடையில் எழுதியவை அதன் அடியில் மறைந்துவிடும். கோப்புகளைக் காணவில்லை என்று தேடுவோர், டிரைவை அன்மவுண்ட் செய்துவிட்டு அந்த ஃபோல்டரை ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். மென்பொருள்களைக் கண்டெய்னர் என்ற தனித்தனி அறைகளில் ஓட்டும் டாக்கரில் இருப்பவையும் இதே வகையில் ஏமாறும்: கண்டெய்னர் தொடங்கியபின் மவுண்ட் ஆன டிரைவ் அதன் கண்ணுக்குக் காலி ஃபோல்டராகவே தெரியும். கண்டெய்னரை ஒருமுறை மறுதொடக்கம் செய்தால் போதும். அப்போதும் தெரியவில்லை என்றால், அந்த மென்பொருள் ஓடும் பயனர் கணக்குக்கு ஃபோல்டரைப் படிக்கும் உரிமை இருக்கிறதா என்பதைச் சரிபார்க்க வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் விலக்கான ஒரு நிலை உண்டு. நல்ல கேபிளும் போதிய மின்சாரமும் கொடுத்த பிறகும் டிரைவுக்குள்ளிருந்து சீரான இடைவெளியில் டக் டக் என்று சத்தம் வந்தாலோ, குறிப்பேட்டில் ஐ/ஓ (படிக்கும், எழுதும்) பிழைகள் குவிந்தாலோ, டிஸ்க்கே பழுதாகிக்கொண்டிருக்கிறது. இங்கே மறுபடி மறுபடி செருகிப் பார்ப்பது மிச்சமிருக்கும் ஆயுளையும் தின்றுவிடும். சத்தம் வரும் டிரைவை அணைத்துவிட்டு, உள்ளிருப்பது திரும்பக் கிடைக்காத படங்கள் என்றால், தகவல் மீட்பு செய்பவரிடம் அப்படியே கொடுத்துவிடுவதே நல்லது. சத்தமில்லாமல் பிழைகள் மட்டும் வருகிறதென்றால், எஃப்-எஸ்-சி-கே போன்ற பழுதுபார்க்கும் கட்டளைகளை அதன் மேல் ஓட்டாதீர்கள். அவை டிஸ்க்கில் எழுதும். டிடிரெஸ்க்யூ என்ற கருவி, படிக்க முடிந்த பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, முடியாதவற்றுக்குப் பின்னர் திரும்பிவரும். எது முடிந்தது, எது பாக்கி என்று ஒரு குறிப்புக் கோப்பில் எழுதிக்கொள்வதால், நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அதைக் கொண்டு, அதே அளவோ பெரியதோ ஆன இன்னொரு டிரைவுக்கு முழுப் பிரதி எடுத்துவிட்டு, பழுதுபார்க்கும் சோதனைகளை எல்லாம் அந்தப் பிரதியின் மேல் மட்டுமே செய்யுங்கள்.